பெண்ணுறுப்பில் அடிபட்டு ரத்தம் கட்டினால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் 11 வயது மகள் சைக்கிள் பாரில் விழுந்துவிட்டாள். பிறப்புறுப்பின் ஒரு பக்க உதடு எலுமிச்சம்பழம் அளவு வீங்கிக் கறுத்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: வீக்கம் வளராமல் நின்று, அவள் சிரமமில்லாமல் சிறுநீர் கழித்தால் பெரும்பாலும் வேண்டாம். அங்கே ரத்தக்குழாய்கள் ஏராளம், தோலுக்கடியில் உள்ள திசுவும் தளர்வானது. அதனால் சின்ன அடிக்கே பயமுறுத்துகிற மாதிரி வீங்கும். முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், அப்புறம் படுக்கை ஓய்வு. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள், கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரியும். எப்படியும் இன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உள்ளே கிழிந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. சிறுநீர் அடைத்தால் சில நாள் குழாய் வைக்க வேண்டிவரும்.

கேள்வி: மாமியார் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொல்கிறார். ஊசியால் குத்தி எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதல் நாளில் சூடு ரத்தக் கசிவைக் கூட்டும், உப்பும் புளியும் அந்தத் தோலில் எரியும். உறைந்த ரத்தம் ஊசியில் வராது, கிருமிதான் உள்ளே போகும்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் அறுவை சிகிச்சை?

பதில்: வீக்கம் கண்ணெதிரே பெருகினால், மேல்தோல் பளபளவென்று இழுபட்டு உயிரிழக்கும் நிலைக்கு வந்தால், நாடி வேகமாகி ரத்த அழுத்தம் இறங்கினால். மயக்க மருந்து கொடுத்து, உட்பக்கமாகக் கீறி, ரத்தக்கட்டியை வழித்தெடுத்து, கசியும் ரத்தக்குழாயைக் கட்டுவோம். தொல்லை என்னவென்றால், திறந்து பார்த்தால் பல நேரம் குழாய் எதுவும் தனியாக அகப்படாது, நாலாபக்கமும் கசியும். அப்போது தையல் போட்டு, துணி அடைத்து அழுத்தி வைப்பதுதான் வழி. அதற்கும் நிற்காவிட்டால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தித் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன். அது பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும். அதனால்தான் தானாக அடங்கிய கட்டியை அவசரப்பட்டுக் கீறுவது எனக்குப் பிடிக்காது. அழுத்தத்தில் நின்ற கசிவு, திறந்ததும் மறுபடி தொடங்கலாம்.

கேள்வி: தங்கைக்குச் சுகப்பிரசவமாகி 6 மணி நேரம். தாங்க முடியாத வலி, மலம் முட்டுவது போல இருக்கிறதாம். தையல் வலிதான் என்கிறார்கள்.

பதில்: டியூட்டி டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள். மாத்திரைக்கு அடங்காத வலியோடு மலம் முட்டினால் உள்ளே ரத்தம் கட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வெளியே வீக்கமே தெரியாமலும் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்டூல் விளிம்பில் விழுந்து லேசாக வீங்கியிருக்கிறது.

பதில்: லேசானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரைச் சீட்டோடு.

கேள்வி: கரைய எத்தனை நாள் ஆகும்?

பதில்: சின்னது ஓரிரு வாரம், பெரியது பல வாரம். நீலம் பச்சையாகி மஞ்சளாகும். நடுவில் காய்ச்சலோ சீழோ வந்தால் மறுபடி காட்டுங்கள்.