ரெய்க்யவிக்கில் ஒரே ஒரு மாலை: ஆர்க்கெஸ்ட்ராவா, சிறு குழுவா?

வணக்கம். ஜனவரிக் கடைசியில் வேலை விஷயமாக ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் போகிறீர்கள், அங்கே நடக்கும் 'இருண்ட இசை நாட்கள்' என்ற சமகால இசை விழாவில் ஒரு மாலைதான் கிடைக்கும், சமகால இசை பழக்கமில்லை, ஐஸ்லாந்து சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவா, கபுட் என்ற சிறு குழுவா என்று கேட்டிருந்தீர்கள்.

என் ஓட்டு கபுட்டுக்குத்தான். 1987இல் இளம் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. புதிய இசைதான் அவர்களுக்கு முழுமூச்சு. இந்த வகை இசையில் பாதி விஷயம், ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது. தாள வாத்தியக்காரர் சிம்பல் என்ற வட்ட உலோகத் தட்டின் விளிம்பை வயலின் வில்லால் இழுப்பார். மெல்லிய உலோக முனகல் ஒன்று எழும்பும். புல்லாங்குழலில் சுரமே வராமல் வெறும் மூச்சு மட்டும் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இதெல்லாம் சட்டென்று பிடிபடும். பின்வரிசையில் இருந்தால் ஏதோ சத்தம் என்று தோன்றிவிடக்கூடும். அதனால் தாள வாத்தியங்கள் தெரிகிற இடமாகப் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சிம்பொனி நிகழ்ச்சியில் ஐஸ்லாந்து இசையமைப்பாளர் ஆன்னா தோர்வால்ட்ஸ்டோட்டிரின் படைப்பு இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். 2012இல் நோர்டிக் கவுன்சில் இசைப் பரிசு வாங்கியவர். அவருடைய இசையில் மெட்டைத் தேடாதீர்கள். அடியில் நீளமாக நிற்கும் கனத்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் என்னென்ன மாறுகிறது என்று கேளுங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை நேரில் கேட்டால்தான் அந்த ஆழம் முழுதாகக் கிடைக்கும், ஹெட்போனில் கிடைக்காது.

அப்புறம், விழா நிகழ்ச்சிகள் பல நடக்கும் ஹார்ப்பா அரங்கம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது, ஜனவரிக் காற்று பலமாக அடிக்கும். குடையை நம்பாதீர்கள், தொப்பி வைத்த கோட் போதும்.