கார்டு கையில் இருக்கிறது, கிரெடிட் எங்கே விழும்?

போன இதழில் விமான மெக்கானிக் வேலையைப் பற்றி எழுதும்போது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தரும் ஏ அண்ட் பி கார்டு (மெக்கானிக் சர்ட்டிபிகேட்) வைத்திருப்பவர் அமெரிக்கக் கல்லூரியில் முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஏர்ஃபிரேம் என்பது விமானத்தின் உடல், பவர்பிளான்ட் என்பது எஞ்சின், இரண்டும் தனித்தனி ரேட்டிங், இரண்டிலும் தேறினால் ஏ அண்ட் பி. கிரெடிட் என்பது பட்டத்துக்குக் கல்லூரி எண்ணும் பாட அலகு. தெரியாதவர்களுக்காக இதை ஒருமுறை சொல்லிவிட்டு நேராகக் கேள்விகளுக்குப் போகிறேன்.

அண்ணா, 11 வருடமாக ஹாங்கரில் வேலை. பள்ளி எதற்கும் போகாமல் அனுபவத்தைக் காட்டியே ஏ அண்ட் பி பரீட்சை எழுதித் தேறினேன். இப்போது வயது 36. கூட வேலை பார்க்கிறவர், ‘கார்டைக் காட்டு, பாதி டிகிரி சும்மா கிடைக்கும்’ என்கிறார். நம்பலாமா?
– டல்லாஸ் வாசகர்

கிரெடிட் கிடைக்கும் என்பது நிஜம். பாதி டிகிரி என்பதைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். கார்டோடு நான் முதலில் போன கல்லூரியில் (பெயர் வேண்டாம்) கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்புக்குச் சமமான கிரெடிட் கொடுத்தார்கள். சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கு நைட் ஷிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அட்வைசர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் கிரெடிட் மொத்தமும் ‘ஃப்ரீ எலெக்டிவ்’ (விருப்பப் பாடம்) என்ற ஒரே கட்டத்தில் குவிந்து கிடந்தது. நான் சேர்ந்ததோ பிசினஸ் டிகிரி, அந்தக் கட்டத்தில் மொத்தமே 12 கிரெடிட்டுக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் பக்கத்தின் அடியில் ‘ஏற்கப்பட்டது, பயன்படவில்லை’ என்கிற மாதிரி ஒரு பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் சொன்ன எண் சரிதான், நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே ‘எத்தனை கிரெடிட் தருவீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘நான் சேரப்போகும் இந்த டிகிரியில் அந்தக் கிரெடிட் எந்தக் கட்டத்தில் உட்காரும், அதற்குப் பிறகு நான் படிக்க வேண்டிய பாடங்கள் என்னென்ன’ என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால்.

கணக்கு இதுதான். பேச்சலர் டிகிரிக்கு 120 கிரெடிட். அதில் ஒரு பங்கு ஆங்கிலக் கட்டுரை, கணிதம், வரலாறு, அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள். கார்டு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இன்னொரு பங்கு மேஜர், அதாவது முக்கியப் பாடம். டிகிரியின் பெயரில் ஏவியேஷன் மெயின்டனன்ஸ் என்றோ அதற்கு ஒட்டிய ஒன்றோ இருந்தால்தான் கார்டு மேஜருக்குள் நுழையும், அங்கே நுழைந்தால்தான் உங்களுக்கு லாபம். எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்வைட் பிரிவும், நியூஜெர்சியில் டிரென்டன் நகரில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஏ அண்ட் பி உள்ளவர்களை மனதில் வைத்தே டிகிரி நடத்துகிறவை. இரண்டையும் வேலையில் இருந்தபடியே ஆன்லைனில் படிக்கலாம். இந்த இரண்டில் ஆரம்பித்து, ஒவ்வொன்றும் தரும் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு முடிச்சு ரெசிடென்சி. ‘எங்கள் பட்டம் வேண்டுமென்றால் எங்களிடம் இத்தனை கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும்’ என்று கல்லூரிகள் விதி வைத்திருக்கும், பல இடங்களில் அது 30. ரெசிடென்சி என்றதும் அங்கேயே போய்த் தங்க வேண்டுமோ என்று பயந்துவிடாதீர்கள், ஆன்லைன் பாடமும் கணக்கில் வரும். பொதுப் பாடங்களைக் குறைந்த செலவில் தாண்ட கிளெப் பரீட்சைகள் இருக்கின்றன. வகுப்புக்குப் போகாமல் பரீட்சை மட்டும் எழுதிக் கிரெடிட் வாங்கும் வழி அது. படிப்பை விட்டு வெகுநாள் ஆனவர்கள் கணிதத்தை மட்டும் வகுப்பில் உட்கார்ந்தே படித்துவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம், நான் பட்ட பாடு அப்படி.

அப்புறம், கார்டுக்குக் கிடைக்கும் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது. ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) அதனால் ஏறாது, இறங்காது. ஒரு கல்லூரி கார்டுக்குக் கொடுத்த கிரெடிட்டை அடுத்த கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்றும் இல்லை. அங்கே போனால் மறுபடி கார்டைக் காட்டி முதலிலிருந்து மதிப்பிடச் சொல்ல வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பார்த்துக் கல்லூரி எப்படிக் கிரெடிட் கொடுக்கிறது? நாலு வருடம் படித்தவனுக்கு இது அநியாயம் இல்லையா?
– சியாட்டில் வாசகர் (மென்பொருள் வேலை என்றும் எழுதியிருக்கிறார்)

கோபம் புரிகிறது. அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பள்ளிக்குப் போகாமல் வருகிறவர் இரண்டு ரேட்டிங்கும் சேர்த்து வாங்க 30 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். பள்ளி வழியாக வந்தவர்கள், 2022 செப்டம்பரில் விதி மாறும்வரை, குறைந்தது 1,900 மணி நேரம் வகுப்பிலும் பட்டறையிலும் உட்கார்ந்தார்கள். எந்த வழியில் வந்தாலும் மூன்று எழுத்துப் பரீட்சை: ஜெனரல் 60 கேள்வி, ஏர்ஃபிரேம் 100, பவர்பிளான்ட் 100, ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அதோடு வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, எதிரே எஃப்.ஏ.ஏ. நியமித்த எக்ஸாமினர்.

என் செய்முறைத் தேர்வில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு போல்ட்டுகளைக் காட்டி சேஃப்டி வயர் போடச் சொன்னார். தலையில் துளையிட்ட போல்ட்டுகள், அதிர்வில் கழன்றுவிடாமல் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். போட்டு முடித்தேன். அவர் டார்ச் அடித்து முறுக்குகளை எண்ணினார், 0.032 அங்குலக் கம்பி என்றால் அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு வர வேண்டும். எண்ணிக்கை சரி. பிறகு விரலால் கம்பியை ஒரு நெட்டு நெட்டிவிட்டு, ‘இது போல்ட்டை இறுக்குகிற பக்கம் இழுக்கிறதா, தளர்த்துகிற பக்கம் இழுக்கிறதா?’ என்றார். தளர்த்துகிற பக்கம்தான். வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். கல்லூரி லேபில் இப்படித் தப்புச் செய்தால் மார்க் போகும், பறக்கிற விமானத்தில் என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கல்லூரிகள் இதை இஷ்டத்துக்கு மதிப்பிடுவதும் இல்லை. அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு, வகுப்பறைக்கு வெளியே கற்றதை ஆராய்ந்து, இது இந்த நிலையில் இத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று பரிந்துரை செய்கிறது. அது பரிந்துரைதான், உத்தரவு இல்லை. ஒரே கார்டுக்கு ஒரு கல்லூரி வாரிக் கொடுக்கும், அடுத்த தெருக் கல்லூரி கையை விரிக்கும்.

ஐயா, என் மகன் கம்யூனிட்டி காலேஜில் விமானப் பராமரிப்புப் படிப்பு முடித்து, ஏ அண்ட் பி கார்டும் வாங்கிவிட்டான். படித்ததற்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று இரண்டு தரம் கிரெடிட் கேட்கலாமா?
– ஒரு தாயார், நியூஜெர்சி

கேட்கலாம் அம்மா, கிடைக்காது. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை கிரெடிட் தர மாட்டார்கள். ஆனால் உங்கள் மகன் நிலைமை டல்லாஸ் நண்பரை விட நல்ல நிலைமை. அவன் படித்த ஒவ்வொரு பாடமும் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பெயரோடும் கிரேடோடும் இருக்கும். அதைத்தான் முதலில் நீட்ட வேண்டும். கார்டு இரண்டாவது ஆயுதம். புதிய கல்லூரி ‘இந்தத் தொழிற்பாடங்களை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை’ என்று டிரான்ஸ்கிரிப்டைத் தள்ளினால், அப்போது கார்டை எடுத்து வைத்து இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்கலாம். இரண்டில் எது அதிகம் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். அவன் அங்கே வாங்கியது அசோசியேட் டிகிரியா (இரண்டு வருடப் பட்டம்), வெறும் சர்ட்டிபிகேட்டா? பல பையன்கள் எஃப்.ஏ.ஏ. கார்டு வந்ததும் ஓடிவிடுகிறார்கள், இன்னும் நாலைந்து பொதுப் பாடம் படித்தால் அசோசியேட் டிகிரி முடிந்துவிடும் என்ற நிலையில்கூட. அப்படி விட்டிருந்தால் காதைப் பிடித்துத் திருப்பி அனுப்புங்கள். அசோசியேட் முடித்தவர்களை நேராக மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தனித்தனிப் பாடமாகக் கொண்டுபோய் மன்றாடுவதை விட அது எவ்வளவோ மேல்.

கடற்படையில் ஆறு வருடம் ஹெலிகாப்டர் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். ஏ அண்ட் பி இன்னும் வாங்கவில்லை. முதலில் கார்டா, கல்லூரியா?
– நார்ஃபோக் வாசகர்

கார்டு. ராணுவ அனுபவம் எஃப்.ஏ.ஏ.வுக்குச் செல்லும். ஆனால் நீங்கள் பார்த்தது எஞ்சின் வேலை மட்டும் என்றால் பவர்பிளான்ட் ரேட்டிங்குக்குத்தான் கதவு திறக்கும் (அதற்கு 18 மாத அனுபவம் போதும்). உடல் பகுதியிலும் கை வைத்திருந்தால் அதற்கான காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். 8610-2 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து, உங்கள் பகுதி எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் இன்ஸ்பெக்டரை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கே உட்கார முடியும். மூன்று வகைப் பரீட்சையையும் 24 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். படைவீரர்களுக்கான கல்வி உதவியான போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில் தகுதி இருந்தால் இந்த மாதிரி லைசென்ஸ் பரீட்சைக் கட்டணத்தை, ஒரு பரீட்சைக்கு 2,000 டாலர் வரை, திரும்ப வாங்கலாம்.

கல்லூரிக்குப் போகும்போது கார்டோடு ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்டையும் அனுப்பச் சொல்லுங்கள். கடற்படையில் நீங்கள் முடித்த பயிற்சிகள் கிரெடிட் பரிந்துரையோடு அதில் இருக்கும். விமானப்படையில் இருந்தவர்களுக்கு இது வேறு வழி: அவர்களுக்கென்று கம்யூனிட்டி காலேஜ் ஆஃப் தி ஏர் ஃபோர்ஸ் இருக்கிறது, அசோசியேட் டிகிரியே தருகிறது.

ஏ அண்ட் பி கிரெடிட்டை வைத்து ஏரோஸ்பேஸ் எஞ்சினியரிங் சேர்ந்தால் இரண்டு வருடம் மிச்சமாகுமா?
– விசிட்டா வாசகர்

ஆகாது. அங்கே முதல் இரண்டு வருடம் கால்குலஸ், இயற்பியல், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்று போகும், ரிவெட் அடிக்கத் தெரிந்ததற்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை. பெயரில் ‘எஞ்சினியரிங் டெக்னாலஜி’ என்று முடியும் டிகிரிகள் உங்களுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். இரண்டும் ஒன்றில்லை, பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஆபெட் அமைப்பே அவற்றுக்குத் தனித்தனிக் குழு வைத்து அங்கீகாரம் தருகிறது. சேருவதற்கு முன் எது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகிரி இல்லாவிட்டால் மேலே போகவே முடியாதா? 50 வயதில் இனிமேல் படித்து என்ன?
– அட்லான்டா வாசகர்

சட்டத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பெரிய விமான நிறுவனத்தில் டைரக்டர் ஆஃப் மெயின்டனன்ஸ் நாற்காலியில் உட்கார எஃப்.ஏ.ஏ. விதி கேட்பது ஏ அண்ட் பி கார்டும் அனுபவமும், டிகிரியைக் கேட்கவில்லை. ஐ.ஏ. எனப்படும் இன்ஸ்பெக்ஷன் அதிகாரம் வாங்கவும் மூன்று வருடம் கார்டு வைத்திருந்தாக வேண்டும், டிகிரி வேண்டாம். டிகிரி கேட்பது நிறுவனத்தின் ஹெச்.ஆர். அதனால் நீங்கள் கைப்பிடிக்க நினைக்கும் வேலையின் விளம்பரம் நாலைந்தை எடுத்து, ‘டிகிரி அவசியம்’ என்கிறதா, ‘இருந்தால் நல்லது’ என்கிறதா என்று பாருங்கள். பின்னதுதான் என்றால், 50 வயதில் நானாக இருந்தால் அந்தக் காசையும் நேரத்தையும் ஐ.ஏ.வில் போடுவேன். ஆசைக்குப் படிக்கிறீர்கள் என்றால் சரி, அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடவில்லை.

1994-ல் வாங்கிய கார்டு, பதினைந்து வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. காலாவதி ஆகியிருக்குமே, கல்லூரி ஏற்குமா?
– சிகாகோ வாசகர்

மெக்கானிக் சர்ட்டிபிகேட்டுக்குக் காலாவதி கிடையாது. நீங்களாகத் திருப்பிக் கொடுத்தாலோ, எஃப்.ஏ.ஏ. பறித்தாலோ ஒழிய அது உங்களுடையதுதான். திரும்ப வேலை செய்து கையெழுத்துப் போட வேண்டுமென்றால், கடந்த 24 மாதத்தில் ஆறு மாதமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, ஆனால் அது விமானத்தைத் தொடுவதற்கு, கல்லூரி விண்ணப்பத்துக்கு இல்லை. பழைய சர்ட்டிபிகேட் என்பதால் ஒரு கல்லூரி முகம் சுளிக்கலாம், அப்படியானால் அடுத்ததைக் கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது அந்தக் காலத்துக் காகிதக் கார்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2013 மார்ச் 31-க்குப் பிறகு காகிதக் கார்டை வைத்து வேலை செய்ய முடியாது, பிளாஸ்டிக் வேண்டும். கல்லூரிக்கு நகல் அனுப்புவதற்கு முன் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றிலும் செலவு குறைந்த காரியம் அதுதான்: மாற்றுக் கார்டுக்கு எஃப்.ஏ.ஏ. வாங்குவது இரண்டு டாலர்.