உடம்பு சரியில்லாத நாய் பூனைக்கு தூரத்துல இருந்து ஹீலிங் அனுப்பினா நிஜமாவே குணமாகுமா?

நீங்க கேட்டது இதுதான்: 11 வயசு நாய், பின்னங்கால் ஒண்ண இழுத்து இழுத்து நடக்குது, ராத்திரி தூங்காம வீட்டுக்குள்ளயே சுத்தி சுத்தி வருது. ஒருத்தங்க போட்டோவும் பேரும் மட்டும் அனுப்புங்க, 21 நாள் டிஸ்டன்ஸ் ஹீலிங் அனுப்பறோம், ஆனா அந்த 21 நாளும் மாத்திரைய நிறுத்திடுங்க இல்லன்னா எனர்ஜி வேலை செய்யாதுன்னு சொல்லிருக்காங்க. நம்பலாமா?

மாத்திரைய நிறுத்தாதீங்க. மருந்து ஒத்துக்கலன்னு தோணுச்சுன்னா அத எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட பேசி மாத்துங்க, போட்டோ கேக்கறவங்க பேச்சக் கேட்டு நிறுத்த வேணாம். இத எழுதறது ஹீலிங்கே பொய்னு திட்டற ஆள் இல்ல. நான் ரெய்கி ரெண்டாம் லெவல் வரைக்கும் கத்துக்கிட்டு ஆறு வருஷமா பண்றவ. தெரிஞ்சவங்க வீட்டு நாய் பூனைன்னு நிறைய அனுப்பியிருக்கேன், யார்கிட்டயும் காசு வாங்கினதில்ல.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ரெய்கிங்கறது கை வழியா சக்திய அனுப்பி குணப்படுத்தறதா சொல்ற ஒரு முறை, 1922ல ஜப்பான்ல மிகாவோ உசுயி ஆரம்பிச்சது. முதல் லெவல்ல கைய மேல வெச்சோ கொஞ்சம் தள்ளி வெச்சோ பண்ண சொல்லித் தருவாங்க, ரெண்டாம் லெவல்ல ஒரு சிம்பல் தருவாங்க, அத மனசுல வரைஞ்சா தூரமும் நேரமும் தடையே இல்லன்னு சொல்வாங்க. போட்டோவ உள்ளங்கைல வெச்சு பண்றவங்க உண்டு, நாய்க்கு பதிலா ஒரு பொம்மைய மடியில வெச்சு பண்றவங்களும் உண்டு. பண்ணும்போது கை சூடாகும், உள்ளங்கை குறுகுறுக்கும், எனக்கு இப்பவும் அப்படித்தான். அந்த உணர்ச்சி பொய் இல்ல. ஆனா அது அந்தப் பக்கம் இருக்கற உயிருக்கு என்ன பண்ணுச்சுங்கறது வேற கேள்வின்னு புரிய எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டுச்சு.

எங்க வீட்டு பூனை சிண்டு, ஆண் பூனை, அப்ப 5 வயசு. ஒரு நாள் சாயங்காலம் திரும்ப திரும்ப மண் ட்ரேல போய் உக்காந்தான், முக்கினான், ஒண்ணும் வரல, வெளிய வந்து கீழ நக்கிக்கிட்டே இருந்தான், கத்தினான். வீட்டுல அந்த வாரம் புதுசா ஆளுங்க வந்து தங்கியிருந்தாங்க, அதனால ஸ்ட்ரெஸ், மலச்சிக்கல்னு நானே முடிவு பண்ணி பக்கத்துல உக்காந்து கை வெச்சேன். அவன் எழுந்து எழுந்து போனான். எனக்கு கத்துக்குடுத்த அக்காவுக்கு போன் பண்ணேன். அவங்க அரை மணி நேரம் அனுப்பிட்டு, கீழ் சக்கரத்துல அடைப்பு இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டேன், இனி நல்லா தூங்குவான்னு சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்துல கத்தறத நிறுத்தினான், ஒரு மூலையில போய் படுத்துட்டான். நான் அழுதேன், சந்தோஷத்துல. ராத்திரி முழுக்க அவன எழுப்பக் கூடாதுன்னு லைட் கூட போடாம இருந்தேன்.

விடியக்காலைல தொட்டுப் பாத்தா காது ஐஸ் மாதிரி இருக்கு, வாந்தி எடுத்து அதுலயே படுத்திருக்கான், தலைய தூக்க முடியல. டாக்டர் வயித்த ஒரு தடவ தொட்டதுமே, மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு, ஏம்மா இவ்ளோ நேரம் வெச்சிருந்தீங்கன்னு கேட்டார். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப குறுகல், கிரிஸ்டலும் சளி மாதிரி ஒரு பொருளும் சேந்து கட்டியா போய் அடைச்சுக்கும். மூத்திரம் வெளிய போகலன்னா கிட்னி வேலை நிக்கும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பு குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிரே போயிடும். சிண்டு கத்தறத நிறுத்தினது வலி போனதால இல்ல. கத்தறதுக்கு தெம்பு இல்லாம போனதால. நான் குணம்னு நெனச்சு கும்பிட்டது அவன் செத்துக்கிட்டு இருந்தத. மயக்க மருந்து குடுத்து, மூத்திரத்த வெளியேத்தற கதீட்டர் குழாய் போட்டு, ட்ரிப்ஸ் ஏத்தி, நாலு நாள் வெச்சிருந்து காப்பாத்தினாங்க.

அந்த அக்கா மேல எனக்கு கோபம் இல்ல, அவங்க மனசார அனுப்பினாங்க. ஆனா அதுக்கப்புறம் நான் ஹீலிங் அனுபவம்னு யார் சொன்னாலும் ஒரே ஒரு விஷயத்தத்தான் கவனிக்கறேன். எல்லா கதையிலயும் கடைசி வரி ஒண்ணுதான், "செஷன் முடிஞ்சதும் அமைதியாயிடுச்சு, நல்லா தூங்குச்சு". மிருகத்தோட அமைதி எவ்ளோ பெரிய குழப்பமான அடையாளம்னு நாம யோசிக்கறதே இல்ல. பார்வோங்கற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி நீர் வத்திப் போய் அமைதியாதான் கிடக்கும். வயித்துக்குள்ள ரத்தம் கசியற நாய் அமைதியா இருக்கும். பயந்து உறைஞ்சு போன நாயும் அசையாம இருக்கும், பாக்கறவங்க கண்ணுக்கு அது சாந்தமா தெரியும். பூனை குறுகுறுன்னு சத்தம் போடறது கூட சந்தோஷத்துல மட்டும் இல்ல, வலியிலயும் போடும். அதுவும் பூனைங்க வலிய மறைக்கறதுல எவ்ளோ கெட்டின்னா, அதுங்க முகத்த வெச்சு வலிய கணக்குப் பண்றதுக்குன்னே 2019ல கனடாவுல மாண்ட்ரியல் யூனிவர்சிட்டில ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க, காது எப்படி திரும்பியிருக்கு, கண்ணு எவ்ளோ இடுங்கியிருக்கு, மூக்கு வாய்ப் பக்கம் இறுகியிருக்கா, மீசை எப்படி நிக்குது, தலை எந்த உயரத்துல இருக்கு, இந்த அஞ்சும்தான். அத அப்பவே நான் படிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரி லைட்ட போட்டு முகத்த பாத்திருப்பேன்.

ஹீலிங் பண்றவங்க அடிக்கடி சொல்ற ஒரு வாதம் இருக்கு, நானும் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். மனுஷனுக்கு நம்பிக்கையால குணமாகலாம், மிருகத்துக்கு நம்பிக்கை ஏது, அதுக்கு ஹீலிங் அனுப்பறதே தெரியாதே, அப்ப அதுக்கு சரியாச்சுன்னா அது நிஜமான சக்திதானேன்னு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா சரியாச்சுன்னு சொல்றது யாரு? நாய் இல்லயே, நாமதானே. 2012ல வந்த ஒரு ஆராய்ச்சில, மூட்டு தேய்மானத்தால நொண்டற 58 நாய்ங்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுத்திருந்தாங்க, கால் தரையில எவ்ளோ அழுத்தமா ஊனுதுன்னு மெஷின் வெச்சும் அளந்தாங்க. மெஷின்ல ஒரு முன்னேற்றமும் இல்லாதப்ப கூட, வளக்கறவங்க கிட்டத்தட்ட 40 சதவீத தடவ தேவலன்னு சொல்லியிருக்காங்க. டாக்டர்ங்களும் ஏறக்குறைய 45 சதவீதம் அதே தப்ப பண்ணியிருக்காங்க. வலிப்பு வர்ற நாய்ங்கள வெச்சு 2010ல வந்ததுல, மருந்தில்லாத போலி சிகிச்சை வாங்கின 28 நாய்ல 79 சதவீதத்துக்கு வலிப்பு எண்ணிக்கையே குறைஞ்சிருக்கு. ஏன்னா இந்த மாதிரி நோயெல்லாம் அலை மாதிரி ஏறி இறங்கும், நாம உதவி தேடி ஓடறது எப்பவும் ரொம்ப மோசமான அன்னிக்குத்தான், அதுக்கு அடுத்த நாள் கொஞ்சம் தேவலயா இருக்கறது பெரும்பாலும் தானா நடக்கறது. அந்த நாள்ல யார் எத அனுப்பியிருந்தாலும் பேர் அவங்களுக்குப் போயிடும். உங்க நாய்க்கும் 21 நாள்ல ஒரு அஞ்சாறு நல்ல நாள் தானாவே வரலாம், அத வெச்சு முடிவு பண்ணிடாதீங்க.

எனர்ஜிய கை உணருதாங்கறதயே சோதிச்சும் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல எமிலி ரோசான்னு 9 வயசுப் பொண்ணு பண்ண சோதனை, 1998ல பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு. உடம்பத் தொடாம கை வெச்சு ஹீலிங் பண்ற 21 பேர், நடுவுல அட்டை மறைப்பு, அந்தப் பக்கம் அவங்களோட எந்தக் கைக்கு மேல இந்தப் பொண்ணு கைய வெச்சிருக்கான்னு சொல்லணும். 280 தடவைல 44 சதவீதம்தான் சரி, கண்ண மூடிட்டு குருட்டாம்போக்குல சொன்னாலே பாதி சரியா வந்திருக்கும். தூரத்துல இருந்து பிரார்த்தனை பண்றத மனுஷங்கள வெச்சு பாத்த பெரிய ஆராய்ச்சி 2006ல வந்துச்சு, பைபாஸ் ஆபரேஷன் ஆன 1802 பேர், தனக்காக வேண்டிக்கறாங்களான்னு தெரியாம இருந்தவங்கள்ல, வேண்டுதல் நடந்தவங்களுக்கும் நடக்காதவங்களுக்கும் சிக்கல் வந்த அளவுல பெருசா வித்தியாசம் இல்ல. இதெல்லாம் படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. என் உள்ளங்கை சூட்ட நான் அவ்ளோ நம்பியிருந்தேன்.

ஆனாலும் நான் இப்பவும் கை வெக்கறேன். ஏன்னா பக்கத்துல உக்காந்து பண்றதும் போட்டோவுக்கு அனுப்பறதும் ஒண்ணு இல்ல. நாயும் மனுஷனும் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்குமே பாசத்தோட சம்பந்தப்பட்ட ஆக்சிடோசின்ங்கற ஹார்மோன் ஏறுதுன்னு 2015ல ஜப்பான்ல காட்டியிருக்காங்க. 2019ல ஸ்வீடன்ல 58 நாய்ங்களோட முடியையும் அதுங்கள வளக்கறவங்க முடியையும் எடுத்து ஸ்ட்ரெஸ் ஹார்மோன பாத்தா, மாசக்கணக்குல ரெண்டும் சேந்தே ஏறி இறங்கியிருக்கு. அப்படின்னா நான் ஒரு அரை மணி நேரம் போன தள்ளி வெச்சுட்டு மூச்ச நிதானமா விட்டு அதோட பக்கத்துல உக்காந்தா, அது என் நாய்க்கு ஒண்ணுமே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. அடிபட்டு பயந்து வந்த நாய், வெடிச் சத்தத்துக்கு நடுங்கற நாய், கூட இருந்த ஜோடி செத்துப் போய் ஒடுங்கிப் போன பூனை, இதுங்ககிட்ட நேரா முகம் பாத்து உக்காராம பக்கவாட்டா திரும்பி உக்காந்து, அதுவா வந்தா மட்டும் தொட்டு, விலகினா விட்டுடறது, இத எனக்கு ரெய்கிதான் பழக்கிக் குடுத்துச்சு. எங்க ராணி, 14 வயசு நாய், கேன்சர் முத்திப் போய், வேதனை இல்லாம உயிர் பிரியற ஊசி போட வெச்சோம், அத போடும்போது அவ நெஞ்சு மேல என் ரெண்டு கையும் இருந்துச்சு. அந்த ரெண்டு கையும் அன்னிக்கு அங்க இருக்க வேண்டியதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்ப உங்க நாய். ராத்திரி சுத்தறத தயவுசெஞ்சு மனசு சம்பந்தப்பட்டதுன்னு ஒதுக்காதீங்க. வயசான நாய் ராத்திரி உலாத்தறதுக்கு வலி காரணமா இருக்கலாம், படுத்தா வலிக்குது அதனால எழுந்து எழுந்து நடக்குது. மூளை தளர்ந்து போறதாவும் இருக்கலாம், கண்ணு மங்கறதாவும் இருக்கலாம், அடிக்கடி மூத்திரம் முட்டறதாவும் இருக்கலாம். காலுக்கு மட்டும் காட்டியிருந்தீங்கன்னா இதையும் சேத்து சொல்லுங்க. வீட்டுல ஒரே இடத்துல, வழுக்காத தரையில, அது நடக்கறத வாரத்துக்கு ரெண்டு தடவ வீடியோ எடுங்க, முன்னாடி இருந்து ஒண்ணு பக்கவாட்டுல ஒண்ணு. தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணுங்க, அசந்து தூங்கற நாய்க்கு 30க்குள்ள இருக்கணும், தொடர்ந்து அதுக்கு மேல போச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லணும். அது கஷ்டப்படுதேன்னு நீங்க போடற வலி மாத்திரைய குடுத்துடாதீங்க, ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், பாராசிட்டமால் பூனைக்கு உயிரையே எடுக்கும்.

ஹீலிங்கும் வேணும்னு மனசு கேட்டா பண்ணுங்க, மருந்தோட சேத்து. வீட்டுல ஒருத்தர்கிட்ட எந்தெந்த நாள் ஹீலிங்னு சொல்லாம, தினமும் அது எப்படி நடந்துச்சு எப்படி தூங்குச்சுன்னு மார்க் மட்டும் போட சொல்லுங்க, 21 நாள் கழிச்சு அவங்க நோட்டையும் உங்க காலண்டரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நடுவுல வயிறு உப்பி வாந்தி வராம ஓங்கரிச்சாலோ, ஈறு வெளிறிப் போனாலோ, எழுந்திரிக்கவே முடியாம போனாலோ அன்னிக்கு ஹீலிங் நோட்டு எல்லாத்தையும் விட்டுட்டு அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடுங்க. பூனை வெச்சிருக்கறவங்க யாராவது படிச்சீங்கன்னா, ஆண் பூனை ட்ரேல முக்கி ஒண்ணும் வரலன்னா ராத்திரியா பகலான்னு பாக்காதீங்க.

போட்டோவ யாருக்கும் அனுப்ப வேண்டியதில்ல, நாய் உங்க பக்கத்துலயே இருக்கு. ராத்திரி அது சுத்தறப்ப கூப்பிட்டு படுக்க வைக்காதீங்க, நீங்க போய் தரையில உக்காருங்க, அது வந்து சாஞ்சா தோள் பக்கத்துலயோ நெஞ்சுப் பக்கத்துலயோ கைய வெச்சுக்கங்க, வலிக்கற கால தொடாதீங்க. முகத்த பாத்துக்கிட்டே இருங்க, லைட்ட அணைக்காம.