தண்ணீரில் ஈ.கோலை இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் வைரஸும் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. ஈ.கோலை என்பது குடலில் வாழும் ஒரு பாக்டீரியா, தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். நோரோ, ஹெபடைடிஸ் ஏ மாதிரி வைரஸ்கள் அதைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும். பாக்டீரியா செத்த பிறகும் இவை மிஞ்சியிருக்கலாம்.

சரி, வைரஸையே நேரடியாகத் தேடலாமே என்றால் அங்கேதான் சிரமம். நோரோ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர்தான், பாக்டீரியாவைப் பிடிக்கும் 0.45 மைக்ரான் (450 நானோமீட்டர்) வடிதாளில் சாதாரணமாக நழுவிவிடும். அதோடு மிகக் கொஞ்சம் வைரஸே நோய் தரப் போதும் என்பதால், குடிநீரில் நூற்றுக்கணக்கான லிட்டரை நேர் மின்னூட்டம் கொண்ட வடிகட்டி வழியாக விட்டு (வைரஸின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர் மின்னூட்டம், அதனால் ஒட்டிக்கொள்ளும்), ஒட்டியதைக் கழுவியெடுத்து, சில மில்லிலிட்டராகச் சுருக்கி, பிசிஆர் (மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்வார்கள். ஆற்றுநீர் இன்னும் மோசம்: மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆரைத் தடுத்து, இருக்கிற வைரஸை இல்லை என்று காட்டிவிடும். அதனால் தெரிந்த அளவு வேறொரு வைரஸைக் கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சோதிக்காத முடிவை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம், பிசிஆர் மரபணுவைத்தான் பார்க்கும், செயலிழந்த வைரஸுக்கும் பாசிட்டிவ் வரும். தொற்றுமா என்று தெரிய செல் வளர்ப்பு (உயிருள்ள செல்களில் வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்பது) வேண்டும், அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்.