பழைய நாணயங்களை இணைய ஏலத்தில் விற்பதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் செய்யக் கூடாதது: தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். காலத்தால் படிந்த அந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுக்கிறார்கள். துலக்கினால் மதிப்பு அங்கேயே விழுந்துவிடும்.

அப்புறம் எடை, விட்டம் இரண்டையும் கிராம், மில்லிமீட்டர் கணக்கில் எழுதுங்கள். பண்டைய நாணயங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆந்தை பொறித்த ஏதென்ஸ் டெட்ராட்ராக்ம் என்ற பண்டைய கிரேக்க வெள்ளி நாணயம் சுமார் 17.2 கிராம் இருக்கும். உங்களுடையது 14 கிராம்தான் என்றால் வாங்குபவர் சந்தேகப்படுவார். சந்தேகப்படத்தான் வேண்டும், இந்த வகையில் போலிகள் ஏராளம். வார்ப்பில் செய்த போலிகளில் பல சமயம் விளிம்பில் இணைப்புக் கோடு தெரியும். அதனால் இரு முகங்களோடு விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்பதற்கான பழைய ரசீது, ஏலப் பட்டியல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் வந்தது. அதற்கு முந்தைய ஆவணம் இருந்தால் நம்பிக்கையும் கூடும், விலையும் கூடும். ஏற்றுமதிச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் முடிந்த விலையைப் பாருங்கள். அதிலும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கும் கட்டணம் சேர்ந்திருக்கலாம், உங்கள் கைக்கு வருவது குறைவுதான்.