மெயிலுக்கு எந்த ஆப்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஜிமெயில் ஒன்று, பழைய யாஹூ முகவரி ஒன்று, நான் செயலாளராக இருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்று என மூன்று மெயில் வைத்திருக்கிறேன். மகன் அவுட்லுக் போடச் சொல்கிறான், பக்கத்து வீட்டுத் தம்பி தண்டர்பேர்ட்தான் நல்லது என்கிறார். ஆண்ட்ராய்டு போனில் எதை வைத்துக்கொள்வது? ஆப்பை மாற்றினால் பழைய மெயில்கள் போய்விடுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, பலரையும் தயங்க வைப்பது அந்தப் பயம்தான். போகாது. உங்கள் மெயில்கள் கூகுளின் சர்வரிலும் யாஹூவின் சர்வரிலும், அதாவது அந்தக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில், இருக்கின்றன, ஆப் அவற்றை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த ஏடிஎம்மில் பார்த்தாலும் கணக்கில் அதே இருப்பு தெரிகிற மாதிரி.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சங்கத்து முகவரியைச் சேர்க்கும்போது ஐமேப் (IMAP), பாப் (POP) இரண்டில் எது என்று கேட்டால் ஐமேப் என்பதையே தேர்ந்தெடுங்கள், அது மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் காட்டும் முறை. பாப் என்பது மெயிலைப் போனுக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை, சில அமைப்புகளில் இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்தும் விடும். பல வருடங்களுக்கு முன் விவரம் தெரியாமல் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். போன் தண்ணீரில் விழுந்தது, அப்பா எனக்கு எழுதிய மெயில்கள் அத்தனையும் அதோடு போயின. போன் போனதற்கு நான் வருத்தப்படவே இல்லை, அந்த மெயில்களுக்கு இன்றும் வருத்தப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐமேப்பிலும் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா இடத்திலும் இருப்பது ஒரே மெயில் என்பதால், ஒரு ஆப்பில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். போனில் இடம் பண்ணுகிறேன் என்று அழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஜிமெயிலில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் பார்த்துவிட்டால் மீட்கலாம்.

சரி, எந்த ஆப்? உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் ஜிமெயில் ஆப்பே போதும். பெயர்தான் ஜிமெயில், அதில் யாஹூவையும் சங்கத்து முகவரியையும் சேர்க்கலாம். வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் இன்னொரு கணக்கைச் சேர்க்க வழி இருக்கும், சேர்த்த பிறகு மூன்றையும் ஒரே இன்பாக்ஸாகவும் பார்த்துக்கொள்ளலாம். விளம்பர மெயில்கள் சேரும் பகுதியில் (Promotions) நடுநடுவே விளம்பரம் மெயில் மாதிரியே வரும், அது ஒன்றுதான் தொந்தரவு.

மகன் சொல்லும் அவுட்லுக்கும் நல்ல ஆப்தான். அக்கம்ப்ளி என்ற ஆப்பை 2014 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கி, அடுத்த மாதமே அவுட்லுக் என்று பெயர் மாற்றி வெளியிட்டது. மெயிலும் காலண்டரும் ஒரே இடத்தில் இருக்கும், அலுவலகம் மைக்ரோசாஃப்டில் ஓடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் மற்ற கணக்குகளை அதில் சேர்க்கும்போது அந்த மெயில்களின் நகல் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சர்வர் வழியாகத்தான் உங்கள் போனுக்கு வரும். கூகுளிடம் இருக்கும் கடிதம் இன்னொரு கம்பெனியிடமும் போக வேண்டுமா என்று யோசியுங்கள். உங்கள் தேவைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

தண்டர்பேர்ட் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2008 முதல் இருந்த கே-9 மெயில் என்ற ஆப் 2022-ல், கம்ப்யூட்டருக்கான மெயில் மென்பொருளாக இருந்த தண்டர்பேர்ட் திட்டத்தோடு சேர்ந்தது, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டாக வந்தது. விளம்பரம் கிடையாது, ஆப்பை எழுதிய நிரல் (கோட்) எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது, போன் நேராக மெயில் சர்வரோடு பேசும், நடுவில் யாரும் இல்லை. என்ன, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும், அப்போது மெயில் வந்த தகவல் தாமதமாகத்தான் தெரியும். பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இதையெல்லாம் செய்யப் பொறுமை இருந்தால் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு ஆப்பைப் பிடித்துப்போய் அதிலேயே ஊறிவிட்டால் அது ஒருநாள் மூடப்படலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுளே 2014-ல் கொண்டு வந்த இன்பாக்ஸ் என்ற ஆப்பை 2019 ஏப்ரலில் நிறுத்தியது. டிக்கெட், பில், பார்சல் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டாகக் கட்டித் தரும், அவ்வளவு அருமையான ஆப், எனக்குத் தாங்கவே இல்லை. ஆனாலும் ஒரு மெயில்கூடப் போகவில்லை, எல்லாம் ஜிமெயிலில் பத்திரமாக இருந்தன.

கேள்வி: ஐபோனில் கூடவே வரும் மெயில் ஆப்பில் என் ஜிமெயிலைச் சேர்த்திருக்கிறேன். நேர்காணல் அழைப்பு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. போன் பழுதா?
(வாசகி, கோவை)

பதில்: போனில் பழுது இல்லை. அந்த ஆப் ஜிமெயிலை உடனுக்குடன் வாங்காது, இடைவெளி விட்டுத்தான் போய்ப் பார்த்து எடுத்து வரும். செட்டிங்ஸில் அந்த இடைவெளியைத் தானியங்கி என்று வைத்திருந்தால், சார்ஜ் ஏறும்போதும் வைஃபை இருக்கும்போதும் மட்டுமே பின்னணியில் எடுக்கும். வேலை தேடும் நேரத்தில் இது சரிப்படாது. ஜிமெயில் ஆப்பை இறக்கி நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கொடுங்கள். 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 (ஐபோனின் இயங்குதளம்) முதல் அதையே முதன்மை மெயில் ஆப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லா மெயிலையும் ஒரே இடத்தில் காட்டும் என்று ஒரு இலவச ஆப் போட்டேன். அது தன் திரையிலேயே ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கிறது. கொடுக்கலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். முறையான ஆப் என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கும், பாஸ்வேர்டை அங்கேதான் போடுவீர்கள், ஆப்புக்கு அனுமதி மட்டும் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அப்புறம், இதற்கு முன் அனுமதி கொடுத்துவிட்டு அழித்த ஆப்கள் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் அந்த அனுமதி தானாகப் போகாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பிற ஆப்களுக்குக் கொடுத்த அனுமதிகள் வரிசையாக இருக்கும், தெரியாத பெயரைத் தட்டி அங்கேயே நீக்க வேண்டும்.