அபூர்வச் சிதைவுகள்: கேட்டவையும் பதில்களும்

துகள்களை மோதவிடும் சோதனைகளின் தரவுகளோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. ஒரு துகள் வேறு துகள்களாக உடைந்து மாறும் சிதைவுகளில் மிக அரிதானவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி மாணவி: எவ்வளவு குறைவாக நடந்தால் ஒரு சிதைவை அபூர்வம் என்பீர்கள் ஐயா?

எல்லைக்கோடு ஏதும் கிடையாது. பி மேசான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்களில் ஒரு வகையான பி-எஸ் மேசான், எலக்ட்ரானின் கனமான உறவினர்களான மியூவான்கள் இரண்டாகச் சிதைவதைப் பாருங்கள். 100 கோடி பி-எஸ் மேசான்களில் மூன்று அல்லது நான்குதான் அப்படிச் சிதையும் என்கிறது துகள்களுக்கான இன்றைய அடிப்படைக் கோட்பாடான திட்ட மாதிரி. பி மேசான்களில் இந்த வகைச் சிதைவைத் தேடும் வேலை 1984லேயே தொடங்கிவிட்டது. எல்.எச்.சி. என்ற மாபெரும் துகள் மோதல் எந்திரத்தில் ஆய்வு செய்யும் எல்.எச்.சி.பி. குழுவுக்கு முதல் சான்று கிடைத்தது 2012இல். பிறகு அதே எந்திரத்தின் சி.எம்.எஸ். குழுவின் தரவையும் சேர்த்து அலசியபோதுதான், கண்டுபிடிப்பென்று ஏற்கத் தேவையான 5 சிக்மாவைத் தாண்ட முடிந்தது (சிக்மா கூடக்கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). அந்தக் கட்டுரை 2015இல் வெளியானது.

பொறியாளர்: நடக்கவே நடக்காதது போன்ற ஒன்றை ஏன் தேட வேண்டும்?

இந்தச் சிதைவுக்கு நேர்வழி அடைபட்டிருக்கிறது. டபிள்யூ போசான், டாப் குவார்க் என்ற கனமான துகள்களின் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். நெரிசலான சாலையில் வண்டி ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது. ஒற்றையடிப் பாதையில் புதுக் காலடி விழுந்தால் தெரிந்துவிடும். நாம் அறியாத கனமான துகள் ஏதேனும் அந்தச் சுற்றுவழியில் புகுந்தால் எண்ணிக்கை மாறும். அந்தத் துகளை மோதலில் உருவாக்க ஆற்றல் போதாவிட்டாலும் அதன் சுவடு சிக்கும்.

ஆசிரியர்: இத்தனை குப்பையில் அதை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்?

எல்.எச்.சி.யில் புரோட்டான் கொத்துகள் 25 நானோநொடிக்கு ஒருமுறை எதிரெதிரே கடக்கின்றன. எல்லாவற்றையும் சேமிக்க வழியில்லை. டிரிகர் எனும் உடனடி வடிகட்டி அங்கேயே பெரும்பாலானவற்றைக் கழித்துவிடும். எல்.எச்.சி.பி.யில் பி மேசான் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஓடிய பிறகே சிதைகிறது. ஆகவே மோதிய இடத்திலிருந்து விலகிய ஒரு புள்ளியில் இரு மியூவான் தடங்கள் சந்திக்கின்றனவா, அவற்றைக் கூட்டினால் மேசானின் நிறை வருகிறதா என்று பார்ப்போம். பையான், கயோன் என்ற வேறு துகள்களும் மியூவான் வேடம் போட்டு வரும். எங்கள் நேரத்தில் பாதியை விழுங்குவது இந்த வேடதாரிகள்தான்.

ஆய்வு மாணவர்: விரும்பிய முடிவு வரும்வரை அலசிக்கொண்டே இருக்கலாமே?

நல்ல சந்தேகம். அதனால்தான் சமிக்ஞை வர வேண்டிய நிறைப்பகுதியை மறைத்துவைத்து, தேர்வு விதிகளை முடிவுசெய்த பிறகே திறக்கிறோம். ஆனால் இது எல்லாப் பிழைக்கும் மருந்தல்ல. பி மேசான் கயோனோடு இரு மியூவான்களைத் தருவதும், கயோனோடு இரு எலக்ட்ரான்களைத் தருவதும் திட்ட மாதிரிப்படி ஏறக்குறைய சம அளவில் நடக்க வேண்டும். 2021இல் எல்.எச்.சி.பி. அந்த விகிதத்தை 0.85 அளவில் கண்டது, விலகல் 3.1 சிக்மா. புது இயற்பியல் வந்துவிட்டதென்று உலகமே பரபரத்தது, நானும்தான். 2022 டிசம்பரில் மறு அலசலில் விலகல் கரைந்தது: வேறு துகள்கள் எலக்ட்ரான்களாக எண்ணப்பட்டதன் அளவு முன்பு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அதே குழுவே அதைக் கண்டுபிடித்து வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாசகர்: ஒன்றுமே கிடைக்காவிட்டால்?

‘இதற்கு மேல் அடிக்கடி நடக்காது’ என்று ஓர் உச்ச வரம்பு வெளியிடுவோம். பல கோட்பாடுகள் அப்படித்தான் அடிபட்டன. பி-எஸ்ஸின் தம்பியான பி-பூஜ்யம் மேசான் இரு மியூவான்களாகச் சிதைவது 1,000 கோடியில் ஒன்று அளவில் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கு இன்னும் வரம்பு மட்டும்தான் இருக்கிறது.